உரிமம் கடைசியில் வரட்டும்: ஹெம்ப் சாகுபடிக்கு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஹெம்ப் பயிருக்கு, அதாவது நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் போதை குறைந்த கஞ்சாச் செடி வகைக்கு, அனுமதி தரலாமா என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும் முதலில் மேசைக்கு வருவது ஒரே கேள்விதான்: இதில் போதை எவ்வளவு? அந்தக் கேள்வியிலேயே கூட்டங்கள் கரைந்துபோகின்றன. கடைசியில் வெளியாகும் விதிகள் இலையையும் பூவையும் பற்றி நாற்பது பக்கம் பேசும், தண்டைப் பற்றி ஒரு பத்தி பேசும். அறுத்த தண்டு எங்கே போகும், யார் உடைப்பார்கள், உடைத்தபின் மலைபோலக் குவியும் தக்கையை (நார் உரிந்தபின் மிஞ்சும் மரத்தன்மையுள்ள உள்தண்டை) யார் வாங்குவார்கள் என்பதெல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். சந்தை பார்த்துக்கொள்வதில்லை. விளைந்த தண்டு வாங்க ஆளின்றி வயலோரத்தில் மக்கிப்போவதுதான் இந்தப் பயிரின் வழக்கமான தோல்வி.

எங்கள் கோரிக்கை வரிசையைப் பற்றியது. ஆலையும் வாங்குவோரும் முதலில், உள்ளூர்ப் பகல் நீளத்துக்கு ஏற்ற விதை அடுத்து, சாகுபடி உரிமம் அதன் பிறகு. இதற்குச் சர்வதேசச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. போதைப்பொருள்கள் குறித்த 1961-ஆம் ஆண்டு ஒற்றை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, நாருக்கும் விதைக்கும் மட்டுமே பயிரிடுவதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. (சணல், சணப்பு ஆகியவற்றுக்கான விதிகளை அப்படியே எடுத்து ஒட்டும் வரைவுகளையும் பார்க்கிறோம். அவை வேறு செடிகள், வேறு அறுவடை, வேறு ஆலை.)

ஆலைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 3 டன் தண்டை உடைக்கும் ஒரு நார்ப் பிரிப்பு ஆலை, நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 12,000 டன் தண்டு கேட்கும். ஹெக்டேருக்கு 6 டன் காய்ந்த தண்டு என்று நிதானமாக வைத்தால் 2,000 ஹெக்டேர் வேண்டும். எட்டு, பத்து டன் எடுக்கிற வயல்கள் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்கும் இடத்தில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அந்த 2,000 ஹெக்டேரும் ஆலையிலிருந்து 50, 60 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரணம் எடை இல்லை, இடம். பேலாக (இறுக்கிய பெரிய கட்டாக) கட்டிய தண்டு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். 60 கன மீட்டர் கொள்ளும் லாரியில் 9 டன் ஏறினால் இடம் தீர்ந்துவிடும், லாரியின் சுமைத்திறன் பாதிகூடப் பயன்படாமல் போகலாம். தூரம் கூடக்கூட வாடகை தண்டின் விலையைத் தின்றுவிடும்.

அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, ஆலையோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். முக்கால் பங்கு, அதாவது 9,000 டன்னைச் சேமிக்க 60,000 கன மீட்டர் இடம் தேவை. ஐந்து மீட்டர் உயரம் அடுக்கினாலும் 1.2 ஹெக்டேர் கூரை, வண்டிப் பாதையும் தீத்தடுப்பு இடைவெளியும் தனி. திட்ட அறிக்கைகளில் இயந்திரத்தின் விலை துல்லியமாக இருக்கும், இந்தக் கூரை இருக்காது. தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். பேலுக்குள் ஈரப்பதம் 15 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், சூடேறும், சில சமயம் தானாகவே தீப்பற்றும்.

இனி வெளியே வருவது என்ன என்று பாருங்கள். 100 கிலோ தண்டு உள்ளே போனால் நார் 25 முதல் 28 கிலோ, உள்தக்கை ஏறத்தாழ 55 கிலோ, மீதி தூசு. மேலே சொன்ன ஆலையில் அது 3,000 டன் சொச்சம் நார், 6,600 டன் தக்கை, 2,000 டன்னுக்குக் குறையாத தூசு. எல்லோரும் நாரைப் பற்றியே பேசுகிறார்கள். ஆலையின் வாழ்வும் சாவும் தக்கையின் கையில் இருக்கிறது. தக்கைக்கு ஆள் இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்தில் கிடங்கு நிரம்பி இயந்திரம் நிற்கும், நாருக்கு ஆர்டர் கையில் இருந்தாலும் சரி. தூசும் சும்மா விடாது: காற்றில் மிதக்கும்போது பொறி பட்டால் வெடிக்கும், தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும். சுழல்காற்றுப் பிரிப்பானும் பை வடிகட்டியும் இல்லாத ஆலைக்கு இயங்க அனுமதி தராதீர்கள். பிடித்த தூசை அழுத்தி எரிபொருள் கட்டியாக்கிவிடலாம்.

தக்கைக்கு இரண்டு பெரிய வாய்கள் இருக்கின்றன. ஒன்று கால்நடைகளுக்கான படுக்கை, குறிப்பாகக் குதிரை லாயங்களுக்கு. ஈரத்தை நன்றாக உறிஞ்சும், தூசு நீக்கியிருந்தால் நல்ல விலைக்குப் போகும். மற்றொன்று சுண்ணாம்புடன் கலந்து சுவர் எழுப்புவது. ஒரு கன மீட்டர் சுவருக்கு 100 முதல் 110 கிலோ தக்கை, அதைப்போல இரு மடங்கு சுண்ணாம்புக் கலவை, 300 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு சிறு வீட்டுக்கு 40 கன மீட்டர் சுவர் என்றால் 4.4 டன் தக்கை. நம் ஆலையின் தக்கை முழுவதையும் இந்த வழியிலேயே தீர்க்க ஆண்டுக்கு 1,500 வீடுகள் எழும்ப வேண்டும். கட்டட விதித்தொகுப்பில் இந்தப் பொருளுக்கு இடமில்லாத நாட்டில் 15 வீடுகூட எழும்பாது. பொறியாளர் கையெழுத்துப் போட மாட்டார், வங்கி கடன் தராது. பிரான்சில் இதற்கெனத் தொழில் விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பயன்படும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பின் 2024 பதிப்பில் ஹெம்ப்–சுண்ணாம்பு ஒரு பின்னிணைப்பாக இடம்பெற்றுவிட்டது. வேளாண் துறை உரிமம் தருவதற்கு முன்பே கட்டடத் துறை இந்த வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த மடலின் ஒரு படி அவர்களுக்கும் போகிறது.

அந்த விதியில் இருக்க வேண்டியவை சில. இந்தக் கலவையின் அழுத்த வலிமை 1 மெகாபாஸ்கலுக்கும் கீழே, எனவே கூரையைத் தாங்கத் தனிச் சட்டகம் கட்டாயம். தக்கைத் துண்டு 5 முதல் 25 மில்லிமீட்டர் அளவில், தூசும் நாரும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். தூசு கூடினால் அது தண்ணீரைக் குடித்துவிடும், சுண்ணாம்பு இறுகாமல் சுவரின் நடுப்பகுதி பொடியாகவே நிற்கும். வெறும் போர்ட்லேண்ட் சிமென்ட் உதவாது: தக்கையிலிருந்து கரையும் சர்க்கரை அதன் இறுக்கத்தைத் தடுக்கும். 30 சென்டிமீட்டர் சுவர் காய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அவசரப்பட்டுப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பூச்சும் சுண்ணாம்புப் பூச்சாகத்தான் இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் சுவர் மூச்சுவிடுவதை அடைத்து, இரண்டே மழைக்காலத்தில் பூஞ்சைக் கறையைக் காட்டிவிடும்.

நாருக்கு இன்று எளிதான சந்தை நெய்யாத விரிப்புகளில் இருக்கிறது: வெப்பக் காப்புப் பாய், கார் கதவின் உட்பலகை, மண்ணரிப்புத் தடுப்பு விரிப்பு, மெல்லிய சிறப்புக் காகிதம். இவற்றுக்குக் கொஞ்சம் தக்கை ஒட்டிய நார்கூடப் போதும். துணி வேறு கதை. பருத்தி நூற்கும் இயந்திரத்தில் ஓட வேண்டுமென்றால் நாரின் பசையை நீக்கி, 25 முதல் 40 மில்லிமீட்டருக்குக் குறுக்கி, பஞ்சுபோலாக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆலை, அதற்கு நீர்ச் சுத்திகரிப்பு. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஹெம்ப் சட்டையைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் இந்த இரண்டாவது ஆலையின் வரைபடத்தைக் கேளுங்கள்.

ஆலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. எந்த உரிமப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. பணம் பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது. அறுத்த தண்டை வயலிலேயே பரப்பிவிட்டு, இரவுப் பனியும் மண்ணின் பூஞ்சைகளும் நாரையும் தக்கையையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் பசையைத் தின்னவிடுவதுதான் பனியூறல். இரண்டு முதல் ஐந்து வாரம் ஆகும். முதலில் 60 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, மெல்லிய வரிசையாக விரித்து, குறைந்தது இரு முறை புரட்டிப் போட வேண்டும். புரட்டாவிட்டால் அடிப்பக்கம் கறுத்து நைந்துபோகும், மேல்பக்கம் பச்சை மாறாமல் கிடக்கும். இரண்டும் ஒரே பேலில் சேர்ந்து வந்தால் ஆலையால் எதுவும் செய்ய முடியாது. பச்சைத் தண்டுக்காக உருளையை இறுக்கினால் நைந்த தண்டின் நார் தூளாகிறது, தளர்த்தினால் பச்சைத் தண்டிலிருந்து தக்கை விழ மறுக்கிறது.

எப்போது போதும் என்பதற்குக் கருவி தேவையில்லை. வரிசையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் ஒரு சாண் துண்டுகளாகப் பத்துப் பத்து எடுத்து, நன்றாக உலர்த்தி, இரண்டு கையாலும் வளையுங்கள். தக்கை மளமளவென உடைந்து, உதறினால் தானாக உதிர வேண்டும். நார் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இழை இழையாகப் பிரிந்து, இழுத்தால் அறாமல் நிற்க வேண்டும். நார் பட்டையாகவே உரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இழுத்ததும் அறுந்தால் நாள் கடந்துவிட்டது. மூன்றாம் நாள் மழை என்றால் பேல் கட்டும் முடிவை ஒருநாள் முன்னதாகவே எடுப்பது நல்லது. குறையாக ஊறியதை ஆலை ஓரளவு சமாளிக்கும், அழுகியதை எவராலும் மீட்க முடியாது.

வறண்ட நிலத்தில் பனியே இருக்காது, ஊறாது. விடாத மழையில் அழுகும். எனவே அறுவடை எந்த மாதத்தில் விழும், அப்போது வயலில் தண்டு மூன்று வாரம் கிடக்க முடியுமா, அடுத்த பயிருக்கு நிலம் காலியாக வேண்டாமா என்பதை மாவட்ட வாரியாகப் பார்க்காமல் பரப்பளவு இலக்கு வைப்பதில் பொருளில்லை. குளத்தில் ஊறவைத்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் நயமான நார் கிடைக்கும் என்பது உண்மை. அந்தக் குளத்தின் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்து மீன் மிதக்கும் என்பதும் உண்மை. சுற்றுச்சூழலின் பெயரால் கொண்டுவரும் பயிருக்கு இந்த வழியைத் திறந்துவிடாதீர்கள்.

விதைக்கு வருவோம். ஹெம்ப் குறும்பகல் செடி. ஐரோப்பா போன்ற வடக்கு அட்சரேகை நாடுகளின் ரகங்கள் பலவும் பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் பூக்கத் தொடங்கும். நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஐரோப்பாவில் நான்கு மீட்டர் வளர்ந்து நிற்கும் ரகத்தை அங்கே கொண்டுபோய் விதைத்தால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும், அதற்குப்பின் தண்டு நீளாது. உரம் போட்டும் தண்ணீர் விட்டும் இதைச் சரிசெய்ய வழியில்லை. வெப்ப, மிதவெப்பப் பகுதிகளில் உருவான, தாமதமாகப் பூக்கும் ரகங்களைத்தான் தேட வேண்டும். விவசாயி கையில் விதை போகும் முன் ஐந்தாறு ரகங்களை மூன்று விதைப்புத் தேதிகளில், இரண்டு பருவம் சோதித்து, பூக்க எடுத்த நாளையும் தண்டு உயரத்தையும் வெளியிடுங்கள். செலவு குறைவு, தவிர்க்கும் நட்டம் பெரிது.

விதையளவுக் கணக்கு: நாருக்குச் சதுர மீட்டருக்கு 200 செடி வேண்டும். ஆயிரம் விதையின் எடை 17 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 34 கிலோ, நூற்றுக்கு 75 விதை முளைத்து நிலைக்கும் என்று கொண்டால் 45 கிலோ. இது எண்ணெய் மிகுந்த விதை. ஈரக்காற்றுள்ள கிடங்கில் ஒரு கோடை கடந்தாலே முளைப்புத்திறன் சரியும். பாதிதான் முளைக்கிறது என்றால் அதே 45 கிலோவில் 132 செடிதான் நிற்கும். இடைவெளி கிடைத்த செடி கிளைவிடும், தண்டு பருத்து நார் முரடாகும், களையும் ஏறும். 'ஹெம்ப் களையை அடக்கும்' என்ற பேச்சு நெருக்கமாக நின்று மூன்று நான்கு வாரத்தில் தரையை மூடிவிடும் வயலுக்குத்தான் பொருந்தும். எனவே விற்பனைக்கு முன் 30 நாளுக்குள் எடுத்த முளைப்புச் சோதனைச் சீட்டு ஒவ்வொரு மூட்டையிலும் இருக்கட்டும். விதைப்பு ஆழம் 2 சென்டிமீட்டர். அதற்குமேல் மழையில் மண் பொருக்கு கட்டினால் முளை வெளியே வராது. முதல் மூன்று வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே நாற்று மஞ்சளாகிச் சாயும். வடிகால் இல்லாத வயலை உரிமப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம்.

விதைக்காகவே பயிரிடுவோருக்கு இரண்டு எச்சரிக்கை போதும். சாதாரண அறுவடை இயந்திரத்தில் நார் ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகி, பேரிங் சூடேறித் தீப்பிடிக்கும். வெட்டும் உயரத்தை ஏற்றி நுனியை மட்டும் எடுத்து, சுழலும் ஷாஃப்ட்டுகளை வழவழப்பான குழாயால் மூடி, அடிக்கடி நிறுத்திச் சுற்றிய நாரை அறுத்தெறிய வேண்டும். அறுத்த விதையை நான்கு மணி நேரத்துக்குள் காற்றோட்டத்தில் போட்டு, 9 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் காயவைக்காவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், உணவு ஆலை திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 0.3 விழுக்காடு டிஎச்சி (செடியில் போதை தரும் பொருள்) என்ற எல்லைக்கோட்டை 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குயிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் வகைப்பாட்டு வசதிக்காக வரைந்தார்கள். அவர்கள் பார்த்தது இளம் இலைகளை. இன்று அதே எண்ணை முற்றிய பெண் பூவின் மீது வைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் 0.3-ஐ ஏற்கிறது, சுவிட்சர்லாந்தில் வரம்பு 1. எண் எதுவானாலும் மாதிரி எடுக்கும் முறை அதைவிட முக்கியம். ஐரோப்பிய முறையில் வயலின் ஓரம் தவிர்த்து, குறுக்கு நெடுக்காக நடந்து, 50 செடியில் 30 சென்டிமீட்டர் நுனி எடுக்கிறார்கள். அமெரிக்க முறையில் 13 முதல் 20 சென்டிமீட்டர் நுனி. நுனி குறுகக் குறுக மாதிரியில் பூவின் பங்கு கூடும், அளவும் ஏறும். ஒரே வயல் ஒரு முறையில் தேறி மற்றொன்றில் தோற்கலாம். எனவே நீளம், செடி எண்ணிக்கை, பூத்த எத்தனையாவது நாள், காம்பும் விதையும் நீக்கியபின் அரைப்பதா என்ற நான்கையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். கணக்கிடும் முறையையும் எழுதுங்கள்: மொத்த டிஎச்சி என்பது டிஎச்சியுடன் டிஎச்சிஏவின் (சூடேறினால் டிஎச்சியாக மாறும் அமில வடிவத்தின்) 0.877 பங்கைக் கூட்டியது. ஆய்வகம் தன் அளவீட்டுப் பிழையையும் சீட்டில் காட்ட வேண்டும். 0.32 என்று வந்து பிழை 0.04 என்றால் அந்த வயல் வரம்பை மீறியதாக உறுதியாகச் சொல்ல முடியாது.

மீறினால் என்ன செய்வது? முழுப் பயிரையும் எரி என்ற விதி பல வரைவுகளில் இருக்கிறது. டிஎச்சி பூவையும் நுனி இலையையும் சுற்றியே இருக்கிறது, இலை நீங்கிய தண்டில் பெயரளவுக்குத்தான். பூப்பகுதியை வெட்டி, அதிகாரி முன்னிலையில் அழித்துவிட்டுத் தண்டை ஆலைக்கு விடுங்கள். அமெரிக்காவின் 2021 விதிகள் பூவை நீக்கிச் சரிசெய்ய இடம் தருகின்றன. முறையாக நடந்துகொண்ட விவசாயியின் பயிரில் 1 விழுக்காடு வரை ஏறினாலும் அதை அவருடைய கவனக்குறைவுக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

பூவிலிருந்து சிபிடி (இதே செடியில் உள்ள, போதை தராத பொருள்) எடுக்கும் சாகுபடியை இதே உரிமத்தில் சேர்க்காதீர்கள். ஹெம்ப் வகையில் சிபிடியும் டிஎச்சியும் பொதுவாக 20-க்கு 1 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் சேர்ந்தே ஏறும். 10 விழுக்காடு சிபிடி வந்தால் டிஎச்சி 0.33-க்கு மேல் போயிருக்கும், அதாவது வெற்றிகரமான பயிரே சட்டவிரோதமாகிவிடும். அதோடு, சிபிடிக்கு விதையில்லாத பெண் செடி வேண்டும், நார் வயலின் மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து அதைக் கெடுக்கும். அமெரிக்காவில் ஹெம்ப் சாகுபடியை அனுமதித்த 2018 சட்டத்துக்குப்பின் எல்லோரும் சிபிடிக்கே ஓடி, 2019-இல் விளைச்சல் குவிந்து, பிரித்தெடுக்கும் ஆலை போதாமல் விலை சரிந்தது. நார் ஆலைகள் அந்தப் பரபரப்பில் பின்தங்கிப்போயின. அதே மகரந்தம்தான் சொந்த விதையையும் கெடுக்கிறது: பக்கத்தில் காட்டுக் கஞ்சா வளரும் இடத்தில் விதையெடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் டிஎச்சி ஏறும். நார் வயலுக்குச் சான்று விதை கட்டாயம் என்பதற்குக் காரணம் இதுவே. அதன் விலையில் மானியம் கொடுங்கள்.

கார்பன் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் வரைவுகளில் அது ஆதாரமில்லாமல் வீங்கியிருக்கிறது. காய்ந்த தண்டில் 45 விழுக்காடு கார்பன், ஆகவே டன்னுக்கு 1.65 டன் கரியமில வாயு. 6 டன் விளைந்தால் சுமார் 10 டன். லாயத்துப் படுக்கைக்குப் போன தக்கையிலிருந்து அது சில மாதத்தில் காற்றுக்குத் திரும்பிவிடும், எரிபொருள் கட்டியிலிருந்து அன்றே. சுவருக்குள் போனது மட்டும் பல்லாண்டு நிற்கும், அதிலும் சுண்ணாம்பு சுட வெளியான வாயுவைக் கழிக்க வேண்டும். மானியத்தைப் பரப்பளவுக்குத் தராமல் நீண்டநாள் பொருளாக மாறிய டன்னுக்குத் தந்தால் இந்தக் கணக்கு தானாக நேராகும். உரமே வேண்டாம், தண்ணீரே வேண்டாம் என்ற வரிகளையும் நீக்கிவிடுங்கள். நல்ல விளைச்சலுக்கு ஹெக்டேருக்கு 80 முதல் 120 கிலோ தழைச்சத்தும், பருவத்தில் 500 மில்லிமீட்டருக்குக் குறையாத நீரும் இந்தப் பயிர் கேட்கும்.

உரிம விண்ணப்பத்தில் நாங்கள் பார்க்க விரும்பும் கட்டங்கள் இவை: ஆலையுடன் செய்த கொள்முதல் ஒப்பந்தத்தின் படி, வயலிலிருந்து ஆலைக்கு உள்ள தூரம், ரகத்தின் பெயரும் அந்த மண்டலத்தில் அது பூக்க எடுத்த நாளும், முளைப்புச் சீட்டு, ஊறலுக்கு ஒதுக்கிய வாரங்கள், பேல் சேமிக்கும் கூரை. ஆலைக்கான விண்ணப்பத்தில் இன்னும் ஒன்று: தக்கையில் பாதிக்காவது கையெழுத்தான வாங்குவோர் ஒப்பந்தம். இவை நிரம்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். முதல் ஆண்டு 2,000 ஹெக்டேர் வேண்டாம், ஆலை சோதனை ஓட்டத்துக்குக் கேட்கும் 200 போதும். அந்த 200-இல் ஊறல் எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை பேல் எந்த ஈரப்பதத்தில் வந்தது, எது திருப்பி அனுப்பப்பட்டது என்ற பதிவேட்டை அடுத்த விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஹெம்ப் பயிரியல், நார்ப் பிரிப்பு, சுண்ணாம்புக் கட்டுமானம் ஆகிய துறைகளில் வேலை செய்வோர்